பேட்டரி போடாத கேமரா

குரு என்றால் தாடியும் காவியும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தக் கதையில் கொஞ்சம் ஏமாற்றம்தான். இந்தக் குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேமரா ரிப்பேர், போட்டோ பிரிண்ட், லேமினேஷன் என்று ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள். சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் வெயிலுமுத்து. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் போட்டோ வகுப்பு நடக்கும். ஆரம்பத்தில் ஐந்து பேர் வந்தார்கள். நான்கு பேர் படம் எடுக்கக் கற்றுக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்றும் கற்றுக்கொள்ளாத வெயிலுமுத்து மட்டும் இரண்டு வருஷமாக விடாமல் வந்துகொண்டிருந்தார்.

அவர் கேள்வி கேட்பதோடு சரி. லென்ஸில் பூஞ்சை ஏன் பிடிக்கிறது என்று கேட்பார். வெளிச்சம் உள்ளே போய் எங்கே விழுகிறது என்று கேட்பார். விழுந்த வெளிச்சம் அப்புறம் என்ன ஆகிறது என்று ஒருநாள் கேட்டார். அதற்கு மட்டும் டீச்சர் பதில் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தாள்.

அன்றைக்கு ஒரு கட்டைப்பையோடு வந்தார். பைக்குள்ளிருந்து ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை எடுத்து மேஜைமேல் சத்தம் வராமல் வைத்தார். பதிமூன்று வருஷப் பழசு.

"இதை வாங்கலாமான்னு பாத்துச் சொல்லணும் டீச்சர்" என்றார். "ஆனா ஆன் பண்ணாமப் பாக்கணும்."

பேட்டரியைக் கழற்றி சட்டைப்பையில் வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை கழுகுமலை ரோட்டில் ஒரு ஸ்டுடியோவுக்கு வெயிலுமுத்து போயிருந்தார். விசேஷ வீடுகளுக்குப் படம் எடுக்கிற ஸ்டுடியோ. அங்கே ஒரு கேமரா விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். பழைய கேமரா வாங்கப் போனால் முதல் வேலையாக வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடம். லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கிக்கொண்டு எடுத்தால், உள்ளே சென்சாரில் ஒட்டியிருக்கிற தூசி புள்ளியாகத் தெரிந்துவிடும். அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். எடுத்தார். திரையில் ஓரமாக மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தது.

கேமராவை ஆள் படம் எடுக்கிற மாதிரி நெட்டுக்குத் திருப்பிப் பிடித்தார். புள்ளி வலது பக்கம் மேலே வந்து நின்றது.

அந்த இடத்தை அவருக்கு நான்கு வருஷமாகத் தெரியும். வீட்டில் அவர் மகள் அனுசியாவின் படம் மாட்டியிருக்கிறது. நீலச் சுவருக்கு முன்னால் நிற்கிறாள். வலது பக்கம், காதுக்கு மேலே இரண்டு விரற்கடை தள்ளி, சுவரில் ஒரு சின்னப் புள்ளி. தினமும் விளக்கேற்றும்போது முகத்தைப் பார்ப்பார், பிறகு புள்ளியைப் பார்ப்பார். முகத்தை ரொம்ப நேரம் பார்க்க அவரால் முடியாது. புள்ளியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அனுசியா நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். இருபத்திரண்டு வயது. கல்யாணமாகாத பிள்ளையின் பொருள் எதுவும் வீட்டில் தங்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பாய், சீப்பு, செருப்பு, துணிமணி, காலேஜ் நோட்டு எல்லாம் அவளோடு சுடுகாட்டுக்குப் போயின. சரி என்று தலையாட்டியது வெயிலுமுத்துதான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வரும். செல்போன் ஒன்று மட்டும் தப்பியது. பூட்டைத் திறக்கத் தெரியாமல் ஒரு கடையில் கொடுத்தார். திறந்து கொடுத்தார்கள். உள்ளே இருந்த படங்கள், குரல், எல்லாம் அழிந்துபோயிருந்தன.

சுவரில் இருக்கிற படம் மச்சினன் வீட்டுக் காதுகுத்தில் எடுத்தது. அவள் போவதற்கு மூன்று மாசத்துக்கு முன்னால். அவள் போன அன்றைக்கு மாலை போடப் படமில்லை என்றதும் மச்சினன்தான் தன் வீட்டு ஆல்பத்திலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு எங்கேயோ ஓடி, பெரிதாக்கி வாங்கி வந்தார். உருவிய படம் அவள் நோட்டுகளுக்கு நடுவே கிடந்து அதுவும் அன்றைக்கே நெருப்பில் போயிற்று. அது எப்படிப்பட்ட படம் என்றுகூட வெயிலுமுத்து பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் அவர் இல்லை.

அந்தக் காதுகுத்தைப் படம் எடுத்தவர் இந்த ஸ்டுடியோக்காரர். எடுத்த கேமரா இதுதான் என்று வியாழக்கிழமை அவரே சொன்னார். பழைய படங்கள் இருந்த டிஸ்க் என்றைக்கோ கெட்டுப்போய்விட்டது அண்ணாச்சி, கேமராதான் கல்லு மாதிரி இருக்கிறது என்றார்.

அப்படியானால் இந்தத் தூசி அன்றைக்கே உள்ளே இருந்திருக்கிறது. அனுசியாவின் முகத்திலிருந்து கிளம்பிய வெளிச்சம் இதன்மேலும் பட்டிருக்கிறது. அவள் போனாள், அவளுடைய சீப்பு போனது, இது மட்டும் நகராமல் அங்கேயே இருக்கிறது. வெயிலுமுத்து இப்படித்தான் யோசித்தார். துக்கத்தில் இருப்பவனுக்கு எதையும் எதோடும் முடிச்சுப்போட வந்துவிடும்.

ஸ்டுடியோவில் அன்றைக்குக் கேமராவை அணைக்கப் போனவருக்கு இன்னொரு பாடம் ஞாபகம் வந்தது. இந்த மாதிரிக் கேமராக்கள் ஆன் பண்ணும்போதும் ஆஃப் பண்ணும்போதும் தூசி உதிரட்டும் என்று சென்சாரை ஒரு உதறு உதறும். அவர் ஸ்விட்சைத் தொடாமல் பேட்டரியைப் பிடுங்கினார். ஞாயிற்றுக்கிழமைவரை தவணை கேட்டு வாங்கிக்கொண்டு, பச்சைப்பிள்ளையைக் கொண்டுவருவதுபோல பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார்.

அவ்வளவு உறுதியாக இருப்பவர் வாங்கிவிட்டுப் போக வேண்டியதுதானே, டீச்சரிடம் என்ன கேள்வி என்று கேட்கலாம். அவருக்குப் பயமாக இருந்தது. யாராவது ஒருவர் வாயைத் திறந்து 'வாங்குங்க' என்று சொன்னால் போதும் என்றிருந்தது.

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மாட்டை எழுப்பாமலே பல்லைப் பார்க்கச் சொன்னால் சந்தைத் தரகர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. ஆனால் காரணம் கேட்கவில்லை. இவருடைய கிறுக்கு அவளுக்குப் பழகியிருந்தது.

கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிடியில் ரப்பர் உப்பி வந்திருந்தது. திருகாணிகளில் இரண்டு வேறு கேமராவுடையவை. லென்ஸ் மாட்டுகிற வளையம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. அவர் கொடுத்த மெமரி கார்டை கம்ப்யூட்டரில் போட்டு, அதிலிருந்த ஒரே படமான வெள்ளைச் சுவரை வைத்தே, இந்தக் கேமரா இதுவரை ஒரு லட்சத்து அறுபதாயிரம் தடவைக்குமேல் அடித்திருக்கிறது என்று சொன்னாள். விசேஷ வீடுகளில் படம் எடுக்கிறவர்கள் கைமாற்றி கைமாற்றிப் புழங்கியது, நாளைக்கே நின்றாலும் நிற்கும், நாலு வருஷம் ஓடினாலும் ஓடும், உத்தரவாதம் கிடையாது. இதற்குப் புதுப் பேட்டரி இனி நல்லதாகக் கிடைக்காது. இருட்டில் எடுத்தால் படம் புழுதி பறந்த மாதிரி வரும். வெளிச்சத்தில் எடுத்தால் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது.

வெயிலுமுத்து எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

"தொழிலுக்குன்னா வேண்டாம் அண்ணாச்சி" என்று டீச்சர் முடித்தாள். "வீட்டுல சும்மா எடுக்கதுக்குன்னா தாராளமா வாங்கலாம். உள்ள ஒரு தூசி கெடக்கு. அதை ஊதிவிட்டுருதேன்."

காற்று ஊதுகிற ரப்பர் பந்தை எடுத்தாள். வெயிலுமுத்து கேமராவை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"தூசி இருக்கட்டும் டீச்சர்."

"எடுக்குத படத்துல எல்லாம் விழுமே."

"நான் படம் எடுக்க மாட்டேன்."

"பெறகு எதுக்கு இது?"

பையில் இன்னொரு பொருள் இருந்தது. துண்டில் சுற்றி வைத்திருந்தார். மனைவி பால் வாங்கப் போன நேரம் பார்த்துச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது. துண்டைப் பிரித்து அனுசியாவின் படத்தை மேஜைமேல் வைத்தார். கம்ப்யூட்டரில் இருந்த வெள்ளைச் சுவரையும் அதன் புள்ளியையும் காட்டினார். படத்திலிருந்த புள்ளியைக் காட்டினார். காய்ச்சலைச் சொன்னார், காதுகுத்தைச் சொன்னார், சுடுகாட்டில் எரிந்த சீப்பைச் சொன்னார். எண்பது பேர் ஏறிய பஸ்ஸில் ஒரு அதட்டலில் எல்லாரையும் உள்ளே தள்ளியவர், இவ்வளவையும் சொல்வதற்குள் நாலு தடவை நிறுத்திவிட்டார். இதைக் கொண்டுபோய் அவள் படத்துக்குக் கீழே வைத்துவிடுவேன், திறக்கவே மாட்டேன் என்றார்.

"அவ கூட இருந்ததுன்னு இந்தத் தூசி ஒண்ணுதான் மிச்சம் டீச்சர். சொல்லுங்க. வாங்கவா?"

டீச்சர் படத்தைக் கையில் எடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு திருப்பி, பின்பக்கத்துப் பலகையில் பென்சிலால் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தாள்.

"இது என் எழுத்து" என்றாள். "இந்தப் படத்தை நான்தான் போட்டுக் குடுத்தேன்."

நான்கு வருஷத்துக்கு முன்னால் மத்தியானம் ஒருத்தர் வந்தார், ரெண்டு மணிக்குச் சுடுகாட்டுக்கு எடுக்கணும், அதற்குள் மாலை போடப் படம் வேண்டும் என்றார், ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன் என்றாள். வெயிலுமுத்துவுக்கு மனசு லேசானது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். இனி டீச்சர் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள்.

அவள் எழுந்து உள்ளே போனாள். செய்தித்தாளில் சுற்றிய இரண்டு படங்களோடு திரும்பி வந்தாள். சாயங்காலம் வாங்க வருவார்கள் என்று கட்டி வைத்திருந்தவை. நூலை அறுத்துப் பிரித்து, ஒன்றை அனுசியாவுக்கு இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் வைத்தாள். ஒன்றில் பெரிய மீசை வைத்த கிழவர். இன்னொன்றில் மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட ஓர் அம்மா. இரண்டு பேரும் நீலச் சுவருக்கு முன்னால் இருந்தார்கள். மேலே வெளுத்து, கீழே போகப்போக இருண்ட நீலம்.

வெயிலுமுத்து மூன்று படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவங்களும் அந்தக் காதுகுத்துக்கு வந்தவங்களா டீச்சர்?"

"இல்லை அண்ணாச்சி. இவர் போன வாரம் போனார். இந்தம்மா நேத்து. சுவரு கம்ப்யூட்டர்ல நான் போடுதது."

அவருக்கு விளங்கவில்லை. இல்லை, விளங்கிவிட்டது. அனுசியா எந்தச் சுவர் முன்னாலும் நிற்கவில்லை. மச்சினன் கொண்டுவந்தது பதினோரு பேர் நிற்கிற படம், அதில் அவள் கட்டைவிரல் உயரத்துக்குத்தான் இருந்தாள் என்று டீச்சர் சொன்னாள். அவளை மட்டும் வெட்டி எடுத்து, கோவில்பட்டியில் செத்தவர்களையெல்லாம் நிறுத்துகிற சுவரில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

"அப்போ அந்தப் புள்ளி?"

"தொட்டுப் பாருங்க."

நான்கு வருஷத்தில் அவர் அதைத் தொட்டதில்லை. தொடக் கூடாது என்று அவராக வைத்துக்கொண்டிருந்தார். இப்போது ஆள்காட்டி விரலைக் கொண்டுபோய் வைத்தார். வழவழவென்ற பிளாஸ்டிக் தாளுக்கு அடியில், மணல் பருக்கை மாதிரி ஒன்று நெருடியது.

"லேமினேஷன் ஒட்டயில உள்ள சிக்கினது" என்றாள் டீச்சர். "அவசரத்துல நான் கவனிக்கல. இந்தக் கடைத் தூசி."

வெயிலுமுத்து விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். முதலில் அவமானமாக இருந்தது. நான்கு வருஷம் விளக்கேற்றி வைத்து ஒரு கடைத் தூசியைக் கும்பிட்டிருக்கிறோம். அடுத்தது கோபம் வந்தது. கோபம் டீச்சர்மேல்தான்.

"இதைச் சொல்லாம இருந்திருக்கலாமே டீச்சர்."

"இருந்திருக்கலாம்" என்றாள். "அடுத்து ஏதாவது சாவுன்னு கேத வீட்டுக்குப் போவீங்க. மாலைக்கு நடுவுல இந்தச் சுவரு தெரியும். அங்க வச்சுத் தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு."

கோபமும் வந்த வேகத்தில் போய்விட்டது. மடியிலிருந்த கேமராவை எடுத்து மேஜைமேல் தள்ளினார்.

"ஊதிருங்க" என்றார்.

அவள் லென்ஸைக் கழற்றி, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து நான்கு தடவை ஊதினாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெளியே யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதி முடித்து லென்ஸை மாட்டியதும், நன்றி என்று சொல்லிக் கேமராவைப் பைக்குள் போட்டார். இன்றைக்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், எனக்கு எதற்கு கேமரா, நான் என்ன படம் எடுக்கப் போகிறேன் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லவில்லை.

துண்டை விரித்து அனுசியாவின் படத்தைச் சுற்றப் போனவர், சுற்றாமல் நின்றார்.

"அப்போ அவளத் தொட்டுக்கிட்டு நின்னது ஒண்ணுகூட மிச்சமில்ல" என்றார். யாரிடமும் கேட்கிற மாதிரி அதைச் சொல்லவில்லை. காலி வீட்டுக்குள் நின்று பேசுகிற குரலாக இருந்தது.

டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ ஒத்துப்பார்க்கிற பார்வை. பிறகு துண்டை விலக்கிப் படத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"தோளப் பாருங்க அண்ணாச்சி."

பார்த்தார். தலையில் வைத்த பிச்சிப்பூவிலிருந்து ஒரு மொட்டு உதிர்ந்து அனுசியாவின் இடது தோளில் கிடந்தது. காம்பு கழுத்தைப் பார்த்து லேசாக வளைந்திருந்தது. இத்தனை வருஷமாக அவர் முகத்தையும் புள்ளியையும் பார்த்ததில் தோள்வரைக்கும் இறங்கியதே இல்லை.

"பூ கெடக்கு" என்றார்.

"அடுத்த தோள்ல?"

வலது தோளிலும் ஒரு மொட்டு கிடந்தது. அதே மொட்டு. அதே காம்பு, அதே வளைவு, கண்ணாடியில் தெரிவதுபோல எதிர்ப்பக்கம் திரும்பி.

"ஒரே பூவு" என்றார் வெயிலுமுத்து.

"ஆமா. அது அவ தோள் இல்ல. இந்தப் பக்கத் தோள எடுத்துத் திருப்பி அங்க ஒட்டுனது. அதுக்குத்தான் அன்னிக்கு ரொம்ப நேரமாச்சு எனக்கு."

"எதுக்கு ஒட்டுனீங்க?"

"அந்தத் தோள்ல ஒரு கை கெடந்துச்சு. பக்கத்துல நின்னவர் சிரிச்சுக்கிட்டே போட்ட கை. மாலை போடுத படத்துல உசுரோட இருக்கவங்க கை இருக்கக் கூடாதுல்லா, அதான் அழிச்சேன்."

வெயிலுமுத்து படத்தில் அந்த இடத்தைத் தேடினார். மொட்டைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"யாரு கை டீச்சர்?"

"உங்க கை, அண்ணாச்சி."